அவசரச் செய்திக்கு என் நம்பர்

பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள் என்று முதல் வரியிலேயே எழுதினேன். அண்ணன் மகன் கல்யாணத்துக்கான வாட்ஸ்அப் குரூப்பில் என்னைத் தவிர நாற்பத்து மூன்று பேர். நாற்பது பேர் கும்பிடும் கையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு பேர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார்கள். ஒரு வரி விடாமல் படித்தது ஒரே ஒருத்தி, என் சித்தப்பா மகள். "அக்கா, என்னோடது எட்டு மாசம் இருக்குதுங்க, போதுமுங்களா?" என்று கேட்டாள். போதும் சாமி என்று பதில் போட்டேன்.

போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்தை இலங்கையில் வைத்திருக்கிறார்களாம். "உங்க அண்ணன் ஊட்டுக் கல்யாணத்துக்கு நீங்க ஒரு பேப்பர் எழுதுனீங்களாமே, அதை எனக்கும் அனுப்புங்க" என்றார். அனுப்புகிறேன் என்றேன். இன்னும் அனுப்பவில்லை. அந்தப் பேப்பரில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியால்தான் அந்தச் சித்தப்பா மகள், என் தங்கச்சி, பெற்ற அப்பனின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை நேரில் பார்க்க முடியாமல் போனது. அதை எழுதியவள் நான். எழுதியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அண்ணனுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டித் தொழில். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறான். பெண்ணுக்கும் அங்கேதான் வேலை, பெற்றவர்கள் கோயமுத்தூர்ப் பக்கம். இரண்டு பேருக்கும் நீண்ட லீவு கிடையாது, சிநேகிதர்கள் பூராவும் அந்தப் பக்கம், அதனால் நடுவில் தாய்லாந்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம் என்று பையன் சொன்னதும் அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நம்மூர்ல மண்டபமே இல்லாத மாதிரி அங்க போயி என்னத்துக்குடா தாலி கட்டறது?" என்று போனில் கத்தினார். மூன்றாம் நாள் டீக்கடையில் யாரோ, "ஏனுங்க, பாரின்ல கல்யாணமாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆள் அப்படியே மாறிவிட்டார். அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார். "ஏம்புள்ள, நீதான ரெண்டு வாட்டி சிங்கப்பூர் போய்ட்டு வந்தவ. என்ன கொண்டாரோணும், எப்படி வரோணும்னு நீயே எழுதிப் போட்டுரு. எனக்கு ஒரு எழவும் புரியல."

எனக்கு இது போதாதா? தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருடம் இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவள். நான் சுற்றறிக்கை எழுதினால் அதில் ஒரு ஓட்டை இருக்காது என்று எனக்கு நானே பீற்றிக்கொள்வேன். சிங்கப்பூர் போனது மகள் பிரசவத்துக்கு, அங்கேயும் பத்தியம் போட்டதைத் தவிர வேறு ஒன்றும் பார்க்கவில்லை. ஆனாலும் நாலு நாள் உட்கார்ந்து, இருபத்திரண்டு குறிப்பாக எழுதினேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

போட்டுக்கொண்டு போகிற நகை முழுவதையும் புறப்படுகிற விமான நிலையத்திலேயே சுங்கத்தில் காட்டிச் சீட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது அங்கே வாங்கியது என்பார்கள் என்று எழுதினேன். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். ஊறுகாய் பெரிய பெட்டியில் போகட்டும், கைப்பையில் வேண்டாம். ஆண்கள் இடுப்பில் இருக்கும் வெள்ளி அரைஞாண்கொடியைக் கழற்றிவிடுங்கள், சோதனை வாசலில் கூவும். வந்திறங்கும் படிவத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து மூன்று நாள் முன்பே செல்போனில் நிரப்பிவிடுங்கள். நெல், விதை, மண், வெற்றிலை இதெல்லாம் அந்த ஊருக்குள் விடமாட்டார்கள்.

இதற்கு மட்டும் ஒரு சண்டை வந்தது. எங்கள் கல்யாணங்களை முன்னின்று நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் போன் போட்டு, "நெல்லு இல்லாம நிறைநாழி எப்படிம்மா?" என்றார். படி நிறைய நெல்லைக் கொட்டி நடுவில் ஒரு கதிரைச் செருகி, வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கையில் ஏந்தி முன்னால் வருவாள், அதுதான் நிறைநாழி. "அந்த ஊர்ல வெளையாத நெல்லாங்க? அங்கயே வாங்கிக்கலாம், படியை மட்டும் கொண்டு போலாம்" என்றேன். "செரி, வாய்தான் உனக்கு" என்று வைத்துவிட்டார்.

போனைப் பற்றி மூன்று குறிப்புகள் எழுதினேன். வெளிநாட்டில் பேசும் ரோமிங் வசதியைக் குடும்பத்துக்கு ஒருவர் போட்டுக்கொண்டால் போதும். தனியாக வருகிறவர்கள் போட வேண்டியதில்லை, என் போன் இருக்கிறது. சிம்மை அணைத்துவிட்டு, வேண்டும்போது ஹோட்டல் முன்கூடத்துக்கு வந்தால் வைஃபையில் வீட்டோடு பேசலாம், அறைக்குள் அது எடுக்காதாம். இது ஒன்று. அவசரமாக ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு, தினமும் காலை ஒன்பதரைக்குப் பெங்களூருக்கு நேர் விமானம் இருக்கிறது. ஏழு மணிக்குள் விமான நிலையம் போய்விட்டால், நம் ஊர் நேரம் பன்னிரண்டுக்குப் பெங்களூர், அங்கிருந்து காரில் பொழுது சாயும் நேரத்துக்குச் சங்ககிரி. இது இரண்டு. மூன்றாவதுதான் அந்த வரி. ஊரிலிருந்து அவசரச் செய்தி எதுவாக இருந்தாலும் வேறு யாருக்கும் சொல்லாமல் என் நம்பருக்கு மட்டும் சொல்லும்படி வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏன் அப்படி என்று கேட்டவர்களிடம் காசிக் கதையைச் சொன்னேன். ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து காசிக்குப் போனபோது, ஒரு மாமாவுக்குத் தோட்டத்து மோட்டார் கருகிவிட்டது என்று போன் வந்தது. மனுசன் கங்கையில் முங்கும்போதுகூட மோட்டாரைப் பற்றியே புலம்பினார். அந்தக் கதை உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல.

எங்கள் பக்கம் பங்காளி வீட்டில் ஒரு சாவு என்றால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. அன்றைக்குக் கல்யாணம் இருந்தால் நின்றுபோகும். ஆனால் சேதி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு, விழாத வரைக்கும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம், எங்கள் வழக்கம் இதுதான். சித்தப்பா எங்களுக்கு நேர் பங்காளி, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. சங்ககிரிப் பக்கத்துக் கிராமத்தில் மகன் வீட்டில், விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். நான் பேப்பர் எழுதுவதற்கு முந்தின நாள் அண்ணன் வந்து மெதுவாகச் சொன்னார். "சித்தப்பா நெலம செரியில்ல. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, தாலி கட்டி முடியற வரைக்கும் ஆரு காதுக்கும் போகக் கூடாது. போன் எல்லாம் உனக்கே வாரமாதிரி ஒரு வழி பண்ணு." பண்ணினேன். ஆபீசில் மேலிடம் சொன்னால் காரணம் கேட்காமல் பண்ணுவதே பழக்கமாகிப் போயிருந்தது.

சித்தப்பா மகள் எடப்பாடியில் இருக்கிறாள். வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி, அவளும் வீட்டுக்காரருமாக ஓட்டுகிறார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய் அப்பாவுக்குத் தலை சீவி, கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டவள்தான், பிறகு கல்யாணத்துக்கு வரவில்லை என்றாள். நிறைநாழி ஏந்த வீட்டுப் பெண் வேண்டும், மற்றவர்களெல்லாம் சாக்குச் சொல்கிறார்கள் என்று நான்தான் எடப்பாடிக்குப் போனேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று வெளியே இழுத்து வந்து பேசினேன்.

"அப்பா இப்படிக் கெடக்கறப்ப எப்படிங்கக்கா வாரது?"

"நாலே நாள் சாமி. உந்தம்பி பாத்துக்க மாட்டானா? எதுன்னாலும் அந்த நிமிசமே உன்னய ஏத்தி உட்டுருவேன். ஒம்போதரை பிளேன் இருக்குதுன்னு நானே எழுதியிருக்கறேன் பாரு."

அவள் அந்தக் குறிப்பை ஏற்கெனவே படித்திருந்தாள். பொழுது சாய ஊருக்கு வந்துவிடலாம் என்று அவள் வாயாலேயே சொன்னாள். "நீங்க சொன்னாச் செரிங்கக்கா" என்று உள்ளே போய்த் தறியை ஓட்டினாள்.

பயணத்தில் என் பேப்பரை மதித்தது அவள் ஒருத்திதான். அருமைக்காரர் அரைஞாண்கொடியைக் கழற்றவில்லை. பெங்களூர் சோதனை வாசலில் அது கூவியது. "பொறந்ததுலருந்து கழட்டுனதில்ல, இவங்களுக்காகக் கழட்டறதா?" என்று நின்றார். ஒரு அத்தையின் கைப்பையில் இருந்து முழுசாக ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயை எடுத்துக் குப்பையில் போடவைத்தார்கள், அந்த அத்தை அதற்கு என்னைத் திட்டினார். பாதிப் பேர் ரோமிங் போடாமல் வந்துவிட்டு, அங்கே இறங்கியதும் "போன் எடுக்கல" என்று என் பின்னாலேயே சுற்றினார்கள். தங்கச்சி மட்டும் சிம்மை அணைத்து, நகைச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே அறை.

அங்கே நம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் போகிறது. தினமும் காலை ஆறு மணிக்கு அவள் முன்கூடத்துக்குப் போவாள். நம் ஊரில் நாலரை. சித்தப்பாவுக்கு அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடும். தம்பி போனைக் காட்டுவான், இவள் "அப்பா, பல்லு வெளக்குனீங்களா, காப்பி குடிச்சீங்களா" என்று கேட்பாள். சித்தப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், கையை மட்டும் ஆட்டுவார். அதைப் பார்த்துவிட்டு வந்து எனக்கும் சொல்வாள். "இன்னைக்கு ரெண்டு தரம் ஆட்டுனாருங்கக்கா."

கல்யாணத்தன்று காலை ஐந்தரைக்கு என் போன் அடித்தது. தங்கச்சி குளியலறையில் இருந்தாள், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. போனை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போனேன். சித்தப்பா மகன்தான்.

"பெரியக்கா, அப்பா போயிட்டாருங்க."

அவனே தொடர்ந்து பேசினான். "தண்ணி குடுக்கலாம்னு எழுப்புனனுங்க. கை ஜில்லுனு இருந்துச்சு. அக்காகிட்டச் சொல்லீருங்க. அவ வாரான்னா ஐஸ் பொட்டி வெச்சு வெக்கறோம். சாயங்காலம்னாலுஞ் செரி, நாளைக்குன்னாலுஞ் செரி. அவளுக்குக் காட்டாம எடுத்தா அப்பா மனசு ஆறாதுங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஐந்தரைக்குச் சொல்லியிருந்தால் ஆறு மணிக்கு டாக்சி, ஏழுக்கு விமான நிலையம், சாயங்காலம் சங்ககிரி. எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. ஆனால் அவளிடம் சொன்னால் அவள் ஓவென்று கத்துவாள், பக்கத்து அறையில் பெரியப்பா மகன்கள், எதிர் அறையில் அண்ணன். ஏழரையிலிருந்து எட்டரைக்குள் முகூர்த்தம். இந்த ஊரில், இத்தனை பேரைக் கூட்டி வந்து, பையன் தாலி கட்டாமல் நிற்பதா? இதெல்லாம் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"வர முடியாது சாமி. இன்னைக்கு பிளேன் இல்ல. நீங்க எடுத்துருங்க."

"இல்லீங்களா? நீங்க எழுதுனதுல இருக்குதுன்னு அக்கா சொன்னாளே..."

"இல்லடா. வெச்சுக் காத்துட்டு இருக்க வேண்டாம். வேற ஆருக்கும் போன் பண்ணாத. நா பாத்துக்கறேன்."

அவன் சரிங்க என்றான். அழுதுகொண்டே சரிங்க என்றான். எங்கள் வீட்டில் நான் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், அதுதான் என் பெருமை. போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். தங்கச்சி ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்நேரத்துல போன்ல ஆருங்கக்கா?"

"பூக்காரன். வழி கேக்கறான்."

அவள் பட்டுச்சேலை கட்டினாள். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் எடுத்த மாம்பழக் கலர் சேலை. மடிப்பை நான்தான் பிடித்துக்கொண்டேன், இரண்டு தடவை நழுவவிட்டேன். சர்க்கரையா அக்கா, எதாச்சும் சாப்பிடுங்க என்றாள். ஆறு மணி ஆனது. போனைக் கையில் எடுத்தாள்.

"அப்பாவப் பாத்துட்டு வந்தர்றனுங்க. அஞ்சு நிமிசம்."

"இப்ப நேரமில்ல சாமி. நிறைநாழி நீதான எடுக்கோணும், அங்க தேடுவாங்க. போன இங்க குடு, எம்பையில இருக்கட்டும். பட்டுல எங்க வெப்ப?"

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கொடுத்துவிட்டாள். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

மேடை கடலைப் பார்த்துப் போட்டிருந்தது. வெள்ளைத் துணி, வெள்ளைப் பூ, எல்லாம் வெள்ளை. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள் என்று மஞ்சள் செவ்வந்தியை இடையில் சொருகியிருந்தார்கள். நான் மேடை ஏறவில்லை. சேதி என் காதில் விழுந்துவிட்டதே. முட்டி வலி என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். அந்த மட்டும் வழக்கத்தைக் காப்பாற்றினேன், பாருங்கள் என் யோக்கியதையை. பெரியப்பா மகன் ஒருவருக்கு மேடையிலேயே போன் அடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. லாரி லோடு விஷயம், "அப்பறம் பேசறேன்டா" என்று வைத்தார்.

மேளம் கொட்டியது. தங்கச்சி நிறைநாழியை ஏந்தி வந்தாள். அந்த ஊர் நெல் நம் நெல்லைவிட நீளம், படியின் விளிம்பில் நின்றுகொண்டு உதிர்ந்தது. ஒரு மணியும் கீழே விழக் கூடாது என்று அவள் அடிமேல் அடி வைத்து வந்தாள். அப்பன் செத்த வீட்டுப் பெண் கையில் நிறைநாழி. அவளுக்குத் தெரியாது, அருமைக்காரருக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது. நான் ஒருத்தி தெரிந்து உட்கார்ந்திருந்தேன்.

எட்டேகாலுக்குத் தாலி ஏறியது. அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். விமானத்தைப் பிடித்திருக்க முடியாது, ஆனாலும் எடுக்காமல் வையுங்கள், மறுநாள் வருகிறாள் என்று தம்பிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அவன் வைத்திருப்பான். போடவில்லை. ஏன் என்று எனக்கு நானே ஆயிரம் தடவை கேட்டாயிற்று. இன்று விமானம் இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன் அல்லவா, திரும்பப் பேசினால் பிடிபடுவேன், அந்த ஒன்பதரை விமானம் போய்த் தொலைந்தால்தான் என் பொய் பொய்யாகத் தெரியாது என்று இருந்தது. வெட்கங்கெட்ட காரணம். அதுதான் காரணம்.

ஒன்பதே முக்கால் இருக்கும். விமான நிலையம் கடற்கரையை ஒட்டித்தான். ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலே தாழ்வாகப் போனது. குழந்தைகள் கத்தின. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், தங்கச்சியும் நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "அக்கா, நீங்க எழுதுன ஒம்போதரை பிளேன் அதுதானுங்களா?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

பதினொரு மணிக்கு, சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தவளை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பங்கக்கா போன் வந்துச்சு?"

"இப்பத்தான் சாமி."

"பொட்டியில வெச்சிருக்கறாங்களா?"

"எடுக்கப் போறாங்களாமா. வெயில் காலம், பெரியவருன்னு..."

போனைக் கேட்டாள். ஜிப்பைத் திறந்து கொடுத்தேன். முன்கூடத்துக்கு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். அன்றைக்கென்று வைஃபை நன்றாக எடுத்தது. தம்பி போனைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே பிடித்தான். சித்தப்பாவுக்குத் தாடை கட்டி, நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். "கிட்டக் காட்டுடா, இன்னும் கிட்டக் காட்டு" என்றாள். யாரோ கும்பலாக நடுவில் வந்தார்கள், நேரமாச்சு தூக்குங்க என்று ஒரு குரல் கேட்டது, போனை யாரோ வாங்கிவிட்டார்கள். அப்புறம் பந்தல் துணிதான் தெரிந்தது.

அந்தக் கூடத்தில் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஹோட்டல் பெண் ஒருத்தி, நாங்கள் புதிதாக வந்தவர்கள் என்று நினைத்து, தட்டில் இரண்டு கிளாஸ் பழரசம் கொண்டுவந்து குனிந்து நீட்டினாள். தங்கச்சி அந்தத் தட்டைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஹோட்டலில் சத்தமாகப் பேசக் கூடாது என்று என் பேப்பரில் எழுதியிருந்தேன்.

"அக்கா, இங்க சத்தம் போட்டு அழுகலாமுங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் செத்திருக்கலாம். அழு சாமி என்று சொல்வதற்குள் அவளே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். உடம்பு மட்டும் குலுங்கியது. அவளுடைய பூ வைத்த தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம்தான் அண்ணனுக்கும் பங்காளிகளுக்கும் சொன்னேன். சேதி கேட்டால் தலை முழுக வேண்டும். பத்தொன்பது ஆண்கள் வேட்டியோடு வரிசையாகப் போய்க் கடலில் முங்கினார்கள், சுற்றுலா வந்தவர்கள் அதையும் கல்யாணச் சடங்கு என்று போட்டோ எடுத்தார்கள். அண்ணன் ஈரத்தோடு என்னிடம் வந்தார். "நல்லபடியா சமாளிச்சிட்ட புள்ள. நீ இல்லைன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும்" என்றார். கூடப்பிறந்தவர் என்றும் பார்க்காமல் ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னதைத்தானே நான் செய்தேன்? அறைக்குப் போனேன்.

மறுநாள் விமானத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு நானும் திரும்பினேன். வழி நெடுக அவள் என்னைத் தாங்கினாள். "நீங்க என்னங்கக்கா பண்ணுவீங்க, உங்களுக்கே அப்பத்தான தெரிஞ்சிருக்குது" என்றாள். பெங்களூரில் இருந்து கார் ஓசூர், தருமபுரி தாண்டிச் சேலம் வரும்வரை இதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். சங்ககிரிக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் பேப்பரில் எழுதியிருந்த அதே நேரம். ஒரு நாள்தான் பிந்திவிட்டது.

பதினாறாம் நாள் கருமாதி. இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். யாரோ தம்பியிடம், அக்கா வரும்வரைக்கும் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் பாவம், சூதுவாது தெரியாதவன். "நா நாலு மணிக்கே பெரியக்காகிட்டச் சொல்லீட்டனுங்க. பிளேன் இல்ல, எடுத்துருன்னு சொன்னாங்க" என்றான். தங்கச்சி கையில் ரச வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டே என் இலைக்கு வந்தாள்.

"எம்போன வாங்கிப் பையில வெச்சீங்களே, அப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும் சாமி."

தலையை ஆட்டினாள். "சோத்தக் குழி பண்ணிக்குங்க, ரசம் ஓடுது" என்று சொல்லி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். நாலு அடி கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருப்பேன். திட்டவில்லை. உறவை முறிக்கவில்லை. பொங்கலுக்கு வந்தாள், என் மகள் வந்தபோது சேலை எடுத்துக்கொடுத்தாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, தெருக்காரருக்கு இன்று அந்தப் பேப்பரை அனுப்பிவிட்டேன். பாஸ்போர்ட், நகைச் சீட்டு, கொப்பரை எல்லாம் அப்படியே இருக்கிறது. அவசரச் செய்திக்கான வரியை அடித்துவிட்டு, ஒவ்வொருவரும் அவரவர் போனை அணைக்காமல் கையிலேயே வைத்திருங்கள், வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று எழுதினேன். அனுப்பி முடித்ததும் மனசு கேட்காமல் தங்கச்சிக்குப் போன் போட்டேன். சும்மாதான், நல்லா இருக்கிறாளா என்று கேட்க.

முன்பெல்லாம் நான் கூப்பிட்டால் ஏழெட்டு மணி அடித்த பிறகுதான் எடுப்பாள், தறிச் சத்தத்தில் காதில் விழாது. இப்போது போனை மடியிலேயே வைத்திருக்கிறாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுகிறாள். எடுத்ததும் தறிகள் ஒவ்வொன்றாக நிற்பது எனக்குக் கேட்கும். நான் எதற்காகக் கூப்பிட்டாலும், கத்தரிக்காய் வேண்டுமா என்று கேட்கக் கூப்பிட்டாலும், முதலில் அவள் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கும் அதையே கேட்டாள்.

"செத்தது ஆருங்கக்கா?"

"ஆருமில்ல சாமி. எல்லாரும் நல்லா இருக்கறோம்."

"நெசமாலுமா?"

"நெசமாலுந்தான்."

அப்புறம்தான் வீட்டுக்காரரைத் தறியைப் போடச் சொல்லிவிட்டு, "சாப்டீங்களாக்கா" என்று கேட்டாள்.